கையெழுத்தும் கைநாட்டும்: இலங்கை ஏற்றுக்கொண்ட மனித உரிமை உடன்படிக்கைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மார்ச்சும் செப்டெம்பரும் வந்துவிட்டால் நம் பத்திரிகைகளின் முதற்பக்கத்தில், ஐ.நா. மனித உரிமைகள் பேரவை கூடும் ஜெனீவா வந்து உட்கார்ந்துகொள்ளும். தீர்மானம் நிறைவேறியது, வாக்கெடுப்பில் தோற்றது, அமைச்சர் நிராகரித்தார் என்று ஒரு மாதம் ஓடும். அந்தச் சத்தத்தில் காணாமல் போய்விடும் விஷயம் ஒன்று உண்டு. யாரும் திணிக்காமல், இலங்கை தானாகவே கையெழுத்திட்டுக் கொடுத்த வாக்குறுதிகள் அவை. அவற்றைப் பற்றிய கேள்விகளுக்குத்தான் இங்கே பதில்.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு ஒரு சொல்: இலங்கையில் ‘உயர் நீதிமன்றம்’ என்பது கொழும்பு புதுக்கடையில் இருக்கும் நாட்டின் அதியுச்ச நீதிமன்றம். நீங்கள் உயர் நீதிமன்றம் என்பதை நாங்கள் மேல் நீதிமன்றம் என்போம். இதை மாற்றி வாசித்தால் கீழே உள்ளதில் பாதி புரியாது.

இலங்கை எந்த உடன்படிக்கைகளில் சேர்ந்திருக்கிறது?

ஐக்கிய நாடுகள் சபையின் முதன்மையான ஒன்பது மனித உரிமை உடன்படிக்கைகளிலும் சேர்ந்திருக்கிறது. குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய உடன்படிக்கையிலும் பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகள் பற்றியதிலும் 1980 ஜூனில் இணைந்தது. பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிப்பது 1981, இனப் பாகுபாட்டை ஒழிப்பது 1982, சிறுவர் உரிமை 1991, சித்திரவதைக்கு எதிரானது 1994, புலம்பெயர் தொழிலாளர் பற்றியது 1996. மாற்றுத்திறனாளிகள் உரிமை, வலிந்து காணாமலாக்குதல் பற்றிய இரண்டும் 2016.

காகிதத்தில் பார்த்தால் பல பெரிய நாடுகளை விட நல்ல பிள்ளை. சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையில் இந்தியா 1997இல் கையெழுத்திட்டது, இன்னும் உறுதிப்படுத்தவில்லை. அமெரிக்கா சிறுவர் உரிமை உடன்படிக்கையையே உறுதிப்படுத்தவில்லை.

கையெழுத்திடுவதும் உறுதிப்படுத்துவதும் வேறு வேறா?

வேறுதான். கையெழுத்து நிச்சயதார்த்தம் போன்றது, உறுதிப்படுத்துவதுதான் தாலி. கையெழுத்திட்ட நாடு உடன்படிக்கையின் நோக்கத்தைக் குலைக்கும் காரியங்களைச் செய்யக்கூடாது, அவ்வளவே. உறுதிப்படுத்திய பிறகுதான் முழுக் கடமையும் தலையில் ஏறுகிறது. கையெழுத்துக் கட்டத்தைத் தாண்டி நேரே உள்ளே வருவதற்கு ‘இணைதல்’ என்று பெயர். 1980இல் இலங்கை செய்தது அதுதான்.

கடமை என்றால் சரியாக என்ன?

மூன்று விதமாகப் பார்க்கலாம். அரசு தானே உரிமையை மீறக்கூடாது. மற்றவர் மீறும்போது கைகட்டி நிற்கக்கூடாது. உரிமை நடைமுறையில் கிடைப்பதற்குச் சட்டம், நிர்வாகம், பணம் எல்லாம் ஒதுக்கவேண்டும். இவற்றோடு, மீறல் நடந்துவிட்டால் பரிகாரம் தரவேண்டும் என்று குடியியல், அரசியல் உரிமைகள் உடன்படிக்கையின் 2ஆம் உறுப்புரை தனியாகவே சொல்கிறது. பேச்சில் எல்லோரும் முதல் மூன்றைச் சொல்வார்கள். வழக்குகள் முழுவதும் நான்காவதைச் சுற்றித்தான்.

காலத்துக்குக் காலம் அறிக்கை கொடுப்பதும் கடமைதான். அதே உடன்படிக்கையின் கீழ் இலங்கை கொடுத்த ஆறாவது அறிக்கையை, அந்த உடன்படிக்கையைக் கண்காணிக்கும் நிபுணர் அமைப்பான மனித உரிமைகள் குழு 2023 மார்ச்சில் பரிசீலித்தது. அதற்கு முந்தையதை 2014 ஒக்டோபரில்.

அப்படியானால் மட்டக்களப்பு நீதிமன்றத்தில் இந்த உடன்படிக்கையைக் காட்டி வழக்காடலாமா?

நேரடியாக முடியாது. சில நாடுகளில் உடன்படிக்கை உறுதியான மறுகணமே அது உள்நாட்டுச் சட்டமாகிவிடும். பிரித்தானிய மரபில் வந்த இலங்கையில் அப்படி இல்லை. பாராளுமன்றம் தனிச்சட்டம் இயற்றினால்தான் உடன்படிக்கை நீதிமன்றப் படியேறும். சித்திரவதைக்கு அப்படி ஒரு சட்டம் 1994இல் வந்தது: குற்றவாளிக்குக் குறைந்தது 7 ஆண்டு, கூடியது 10 ஆண்டுச் சிறை. சட்டம் எழுதுகிறவர்களைக் குறை சொல்ல இடமில்லாத சட்டம். அதன்கீழ் எத்தனை அதிகாரிகள் சிறை போனார்கள் என்று கேட்டால்தான் சங்கடம்.

அரசியலமைப்பின் 27ஆம் உறுப்புரை, சர்வதேசச் சட்டத்துக்கும் உடன்படிக்கைக் கடமைகளுக்கும் மதிப்பு வளர அரசு முயலவேண்டும் என்கிறது. இரண்டு உறுப்புரை தள்ளி 29ஆவது, இவையெல்லாம் நீதிமன்றத்தில் கேட்டுப் பெறக்கூடியவை அல்ல என்று சொல்லிவிடுகிறது.

சிங்கராசா வழக்கு என்கிறார்களே, அது என்ன?

இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும் வாசிக்க நேரம் இருந்தால் இதை வாசியுங்கள்.

1993 ஜூலை 16, விடியற்காலை. மட்டக்களப்பு மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் சுற்றிவளைப்பு. ஏறத்தாழ 150 தமிழ் ஆண்களைப் பிடித்துச் செல்கிறார்கள். அவர்களில் ஒருவர் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த சிங்கராசா. இராணுவ முகாமில் கைகளைக் கட்டி மாமரத்தில் தொங்கவிட்டார்கள், பின்பு பொலிஸ் காவலில் தண்ணீர்த் தொட்டிக்குள் அமுக்கினார்கள் என்பது அவர் சொன்னது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் தடுப்புக் காவல் நீண்டுகொண்டே போனது.

டிசெம்பரில் அவரை ஓர் உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் முன் நிறுத்தினார்கள். கேள்வி தமிழில், மொழிபெயர்த்தவர் ஒரு பொலிஸ் கான்ஸ்டபிள், தட்டச்சில் ஏறியது சிங்களம். சிங்கராசாவுக்குத் தமிழ் மட்டுமே தெரியும். தனக்கு வாசிக்க முடியாத அந்தத் தாளின் கீழே அவருடைய பெருவிரல் அடையாளம் விழுந்தது. யாழ்ப்பாணக் கோட்டை, பலாலி, காங்கேசன்துறை, ஆனையிறவு முகாம்கள் மீதான தாக்குதல்களையும் அரசைக் கவிழ்க்கும் சதியையும் ஒப்புக்கொண்ட ‘வாக்குமூலம்’ அது. அவருக்கு எதிராக இருந்த சான்று அது ஒன்றே.

சாதாரணக் குற்ற வழக்கில் பொலிஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் செல்லாது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு அதைச் செல்லவைத்தது. ஒப்புதல் வற்புறுத்திப் பெறப்பட்டது என்றால் அதை நிரூபிக்கவேண்டியவர் எதிரியே, அதாவது குற்றம் சாட்டப்பட்டவரே, என்றும் அது சொல்கிறது. அடித்தவரிடம் ‘அடிக்கவில்லை என்று காட்டு’ என்று கேட்பதில்லை. அடிபட்டவரிடம் ‘அடித்தார்கள் என்று காட்டு’ என்று கேட்கிறது. முதுகுத் தழும்புகளையும் கண்ணில் இருந்த காயத்தையும் மருத்துவ அறிக்கை குறித்திருந்தும் அவரால் அதைக் காட்டி முடிக்க இயலவில்லை. 1995இல் மேல் நீதிமன்றம் 50 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. 1999இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை 35 ஆக்கியது. 2000இல் உயர் நீதிமன்றம் மேன்முறையீட்டுக்கு அனுமதி மறுத்தது.

இங்கேதான் ஜெனீவா வருகிறது. 1997 ஒக்டோபரில் இலங்கை, குடியியல், அரசியல் உரிமைகள் உடன்படிக்கையின் விருப்ப நெறிமுறையிலும் இணைந்திருந்தது. உள்நாட்டில் எல்லாக் கதவுகளையும் தட்டி முடித்த ஒருவர் மனித உரிமைகள் குழுவிடம் முறையிடலாம் என்பதே அந்த நெறிமுறையின் சாரம். சிங்கராசா முறையிட்டார். 2004 ஜூலையில் குழு அவர் பக்கம் நின்றது. பொலிஸார் மட்டுமே இருந்த அறையில், பொலிஸ்காரரே மொழிபெயர்த்த ஒப்புதலை மட்டும் நம்பித் தண்டித்தது நியாயமான விசாரணை ஆகாது. நிரூபிக்கும் சுமையை அவர்மீது போட்டது குற்றமற்றவர் என்ற அனுமானத்துக்கு முரண். அவருக்கு விடுதலை அல்லது மறுவிசாரணையும் இழப்பீடும் உட்படத் தகுந்த பரிகாரம் தரவேண்டும், 16ஆம் பிரிவைத் திருத்தவேண்டும் என்றது.

அதை எடுத்துக்கொண்டு அவர் மீண்டும் புதுக்கடைக்குப் போனார். 2006 செப்டெம்பர் 15இல் பிரதம நீதியரசர் சரத் என். சில்வா தலைமையிலான ஐந்து பேர் அமர்வு மனுவைத் தள்ளுபடி செய்தது. 1980இல் உடன்படிக்கையில் இணைந்தது சரி, ஆனால் அதற்கு உள்நாட்டில் சட்டவலு இல்லை. 1997இல் ஜனாதிபதி நெறிமுறையில் இணைந்தது, மக்களின் நீதித்துறை அதிகாரத்தை அரசியலமைப்பு சொல்லாத வெளிநாட்டு அமைப்பு ஒன்றுக்குத் தூக்கிக் கொடுத்ததாகும், ஆகையால் அரசியலமைப்புக்கு முரண் என்றது.

உயர் நீதிமன்றம் சொன்னது சரிதானா?

வாதம் முழுக்க வீண் என்று சொல்லமாட்டேன். ஒரு ஜனாதிபதி தனியாக ஒரு கடிதத்தில் கையெழுத்திட்டு நாட்டின் நீதிமன்றங்களுக்கு மேலே இன்னொரு படியைக் கட்டிவிடலாமா என்பது கேட்கவேண்டிய கேள்வி. ஆனால் குழு அப்படிப்பட்ட படி அல்ல. அது தீர்ப்பு எழுதுவதில்லை, கருத்துரை சொல்கிறது. எந்தத் தண்டனையையும் ரத்துச் செய்ய அதற்கு அதிகாரம் இல்லை. மனுதாரர் கேட்டதும், உயர் நீதிமன்றம் தன் சொந்த அதிகாரத்தைப் பயன்படுத்தித் தன் சொந்த முடிவைத் திரும்பப் பார்க்கவேண்டும் என்பதைத்தான்.

இதே நீதிமன்றம் ஆறு ஆண்டுகளுக்கு முன் வேறு குரலில் பேசியிருந்தது. 2000ஆம் ஆண்டு வீரவன்ச எதிர் சட்டமா அதிபர் வழக்கில் நீதியரசர் மார்க் பெர்னாண்டோ, தடுப்புக் காவலில் உள்ளவருக்கு நீதிபதியை அணுகும் உரிமை சர்வதேச அளவில் வேரூன்றிவிட்டது, அது மறுக்கப்பட்டவர் மனித உரிமைகள் குழுவிடமே போகலாம் என்ற பொருளில் எழுதியிருக்கிறார். அந்த வழக்கிலும் பயங்கரவாதத் தடைச் சட்டம்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நீதிமன்ற அவமதிப்புக்காக ஒருவருக்கு ஓராண்டுக் கடூழியச் சிறை விதித்த வழக்கில், அது தான்தோன்றித்தனமான தடுப்பு என்று குழு 2005இல் இலங்கைக்கு எதிராகக் கூறியிருந்தது. அந்தத் தண்டனையை விதித்த அமர்வுக்குத் தலைமை தாங்கியவரும் அதே பிரதம நீதியரசர்தான்.

அந்தத் தீர்ப்போடு ஜெனீவாக் கதவு மூடிவிட்டதா?

இல்லை. உள்நாட்டுச் சட்டத்தைக் காரணம் காட்டிச் சர்வதேசக் கடமையிலிருந்து நழுவ முடியாது என்பது சர்வதேசச் சட்டத்தின் அரிச்சுவடி. வீட்டுக்குள் அண்ணன் தம்பிக்குள் ஆயிரம் பிணக்கு இருக்கலாம். குடும்பத்தின் பெயரால் வாங்கிய கடன் கடன்தான். நெறிமுறையிலிருந்து இலங்கை விலகவும் இல்லை. 2006க்குப் பிறகும் குழு இலங்கைக்கு எதிரான முறைப்பாடுகளை ஏற்றுக்கொண்டுதான் இருக்கிறது. மூடியிருப்பது ஜெனீவாவிலிருந்து திரும்பி வரும் வழி.

2007இல் ஐ.சி.சி.பி.ஆர். சட்டம் கொண்டுவந்தார்களே, அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லையா?

பெயரைக் கேட்டு அப்படித்தான் பலர் நினைக்கிறார்கள். குடியியல், அரசியல் உரிமைகள் உடன்படிக்கையின் ஆங்கிலச் சுருக்கத்தையே பெயராகக் கொண்ட அந்த 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம், உடன்படிக்கையின் சில துண்டுகளை மட்டுமே உள்ளே எடுத்தது. வாழும் உரிமை அதில் இல்லை. மற்ற உரிமைகள் ஏற்கெனவே நம் சட்டங்களில் இருக்கின்றன என்பது அரசின் நிலைப்பாடு. 2008இல் உயர் நீதிமன்றமும் அதை ஆமோதித்தது.

மக்கள் அதிகம் அறிந்தது அதன் 3ஆம் பிரிவை. இன, மத வெறுப்பைத் தூண்டுவதைத் தடுக்க வந்தது அது. பிணை கொடுக்க மேல் நீதிமன்றத்தால்தான் முடியும், தண்டனை பத்தாண்டு வரை. 2019 மே மாதம், ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குச் சில வாரங்கள் கழித்து, ஹசலக பகுதியில் ஒரு முஸ்லிம் பெண்ணை இந்தப் பிரிவின் கீழ் கைதுசெய்தார்கள். அவர் உடையில் அச்சிட்டிருந்த கப்பல் சுக்கான் சக்கரம் பௌத்த தர்மச் சக்கரமாகத் தெரிந்ததாம். இரண்டு வாரங்களுக்கு மேல் அவர் விளக்கமறியலில் இருந்தார். 2020இல் முகநூலில் எழுதிய ஓய்வுபெற்ற அரச அலுவலர் ஒருவருக்கும் இதே கதி. அவருடைய அடிப்படை உரிமைகள் மீறப்பட்டன என்று உயர் நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்தது. சிறுபான்மையினரைக் காக்க எழுதிய வாசகத்தை வைத்தே சிறுபான்மையினரைப் பிடித்து உள்ளே போட முடியும் என்பதற்கு வேறு உதாரணம் தேவையில்லை.

ஒரு சட்டம் உடன்படிக்கைக்கு முரண் என்றால் நீதிமன்றம் அதைச் செல்லாது என்று அறிவிக்கலாமே?

நிறைவேறிய சட்டத்தை அரசியலமைப்புக்கு முரண் என்று நீதிமன்றம் செல்லாததாக்குவது இந்தியாவில் நடக்கும், இங்கே அதுவும் நடக்காது. மசோதாவாக இருக்கும்போது மட்டும்தான் எதிர்க்கலாம். சபாநாயகர் சான்றுரைத்த பிறகு எந்த நீதிமன்றமும் அதைத் தொட முடியாது. 1978க்கு முன் இருந்த சட்டங்கள் அடிப்படை உரிமைகளுக்கு முரணாக இருந்தாலும் செல்லும் என்று அரசியலமைப்பின் 16ஆம் உறுப்புரை வேறு சொல்லிவைத்திருக்கிறது. பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979இல் மூன்று ஆண்டுக்கு என்று வந்தது, 1982இல் நிரந்தரமானது. 2022 திருத்தம் தடுப்புக் காவலின் உச்சவரம்பை 18 மாதத்திலிருந்து 12 ஆகக் குறைத்தது, ஆனால் ஒப்புதல் வாக்குமூலத்தை ஏற்கும் 16ஆம் பிரிவை நீக்கவில்லை.

போர், அவசரகாலம் என்றால் உரிமைகளை நிறுத்திவைக்கலாம்தானே?

சிலவற்றை, நிலைமை கட்டாயப்படுத்தும் அளவுக்கு, ஐ.நா. பொதுச்செயலாளருக்கு அறிவித்துவிட்டு நிறுத்திவைக்கலாம். உயிர் வாழும் உரிமை, சித்திரவதைக்கு உள்ளாகாமை, அடிமைப்படாமை, சிந்தனை மற்றும் மத சுதந்திரம் போன்றவற்றை எந்தப் போரிலும் நிறுத்த முடியாது.

‘அது ஒரு கோப்ரல் தன்னிச்சையாகச் செய்த வேலை’ என்று அரசு சொன்னால்?

சொல்லியிருக்கிறது. திருகோணமலையில் 1990 ஜூனில் இராணுவம் பிடித்துச் சென்ற ஓர் இளைஞனின் தந்தை குழுவிடம் போனார். அவர் சொன்னவற்றில் ஒரு காட்சி: 1991 ஒக்டோபரில் ஒரு மதியம், அவர் வேலை செய்துகொண்டிருந்த மருந்துக்கடை வாசலில் வெள்ளை நிற இராணுவ வேன் ஒன்று வந்து நின்றது. அதிகாரி ஒருவர் போட்டோப் பிரதி எடுக்க உள்ளே வந்தார். வேனுக்குள்ளிருந்து மகன் தந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பேசப் போனவரை, கிட்டே வரவேண்டாம் என்று தலையை ஆட்டித் தடுத்தான்.

கோப்ரல் ஒருவர் மேலதிகாரிகளுக்குத் தெரியாமல் செய்தது என்ற அரசின் பதிலைக் குழு 2003இல் ஏற்கவில்லை. சீருடையில் இருந்தவர் அதிகார வரம்பை மீறியிருந்தாலும் பொறுப்பு அரசுடையது. மகனுக்கு என்ன ஆனது என்று தெரியாமல் பெற்றோர் பட்ட வேதனையே உடன்படிக்கையின் 7ஆம் உறுப்புரை தடைசெய்யும் கொடுமை என்றும் குழு சொன்னது. வீதியோரப் பந்தல்களில் படங்களை மடியில் வைத்துக்கொண்டு இருக்கும் தாய்மாருக்கு இந்த ஒரு வரியை யாராவது வாசித்துக் காட்டவேண்டும்.

நெறிமுறை இலங்கையைக் கட்டுப்படுத்தத் தொடங்கியது 1998 ஜனவரியில். 1990இல் நடந்ததைக் குழு எப்படித் தொட்டது என்றால், காணாமலாக்குதல் ஆள் கிடைக்கும்வரை தொடரும் மீறல் என்பதால்.

2016இல் காணாமலாக்குதல் பற்றிய உடன்படிக்கையையும் ஏற்றார்களே?

ஏற்றார்கள். 2018இல் அதைக் குற்றமாக்கும் சட்டமும் வந்தது. ஆனால் அந்த உடன்படிக்கையின் 35ஆம் உறுப்புரை, அது நாட்டைக் கட்டுப்படுத்தத் தொடங்கிய பின் ஆரம்பித்த சம்பவங்களை மட்டுமே அதன் கண்காணிப்புக் குழு பார்க்கலாம் என்கிறது. 2009இல் முள்ளிவாய்க்காலில் இராணுவத்திடம் கையளிக்கப்பட்டவர்களுக்காக அந்தக் குறிப்பிட்ட குழுவின் கதவைத் தட்டுவதில் இந்தத் தடை இருக்கிறது. மேலே சொன்ன திருகோணமலை வழி வேறு, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

ஜெனீவாத் தீர்மானமும் இந்தக் குழுவும் ஒன்றா?

இல்லை, பத்திரிகைகளே இதைக் குழப்புகின்றன. மனித உரிமைகள் பேரவை 47 நாடுகள் உட்கார்ந்து வாக்களிக்கும் அரசியல் சபை. இலங்கை பற்றிய 2015இன் 30/1, 2021இன் 46/1 தீர்மானங்கள் எல்லாம் அங்கே நிறைவேறியவை. மனித உரிமைகள் குழு 18 நிபுணர்களைக் கொண்டது, உடன்படிக்கையிலிருந்து பிறந்தது. பேரவைத் தீர்மானத்தை ‘ஏற்கவில்லை’ என்று அமைச்சர் சொல்லலாம், 2020இல் 30/1இன் இணை அனுசரணையிலிருந்து இலங்கை விலகியதுபோல. உடன்படிக்கையைப் பற்றி அப்படிச் சொல்ல அவருக்கு வாய் இல்லை.

மீறினால் என்ன தண்டனை?

ஜெயில், அபராதம் எதுவும் இல்லை. ஆனால் பணம் பேசும். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜி.எஸ்.பி. பிளஸ் வரிச்சலுகைக்கு 27 சர்வதேச உடன்படிக்கைகளைச் செயல்படுத்துவது நிபந்தனை. குடியியல், அரசியல் உரிமைகள், சித்திரவதை, சிறுவர் உரிமை ஆகிய மூன்றையும் சரியாகச் செயல்படுத்தவில்லை என்று 2010 ஓகஸ்டில் சலுகையை நிறுத்தினார்கள். 2017 மே மாதம்தான் திரும்பக் கிடைத்தது. நடுவில் அடி வாங்கியவை ஆடைத் தொழிற்சாலைகள். மட்டக்களப்பில் ஒருவருக்கு மறுக்கப்பட்ட நீதிக்குக் கட்டுநாயக்காவில் தையல் இயந்திரத்தின் முன் இருக்கும் பெண் விலை கொடுப்பது நியாயமா என்று கேட்டால், நியாயமில்லைதான். ஆனால் கொழும்பு காதுகொடுத்துக் கேட்டது இந்த மொழியைத்தான்.

பிடிக்காவிட்டால் உடன்படிக்கையிலிருந்து விலகிவிடலாமா?

குடியியல், அரசியல் உரிமைகள் உடன்படிக்கையில் விலகும் வழியே இல்லை. 1997இல் வடகொரியா முயன்று பார்த்தது, நடக்கவில்லை. தனிநபர் முறைப்பாட்டு நெறிமுறையிலிருந்து மட்டும் விலகலாம். இலங்கை அதில் இணைந்த அதே 1997 ஒக்டோபரில்தான் ஜமைக்கா அதிலிருந்து விலகுவதாக அறிவித்தது.

நான் முறையிடவேண்டுமானால் என்ன செய்யவேண்டும்?

முதலில் உள்நாட்டு வழி. அடிப்படை உரிமை மீறல் மனுவை ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் போடவேண்டும். அந்த ஒரு மாதம் பலரின் வழக்கைத் தின்றிருக்கிறது. அதற்குள் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்த மாதக் கணக்கில் சேராது.

உள்நாட்டில் எல்லாம் முடிந்தபின், அல்லது நியாயமற்ற அளவுக்கு இழுபட்டால், குழுவிடம் போகலாம். முடிந்து ஐந்து ஆண்டுக்கு மேல் தாமதித்தால் ஏற்க மறுக்கலாம். கட்டணம் இல்லை, சட்டத்தரணி கட்டாயம் இல்லை. பெயர் இல்லாத மொட்டைக் கடிதம் எடுபடாது. பெயரை வெளியிடவேண்டாம் என்று கேட்டுக்கொள்ளலாம். அதே விஷயம் வேறொரு சர்வதேச விசாரணையில் நிலுவையில் இருக்கக்கூடாது. பதில் வர ஆண்டுகள் ஆகும்.

பெண்களுக்கு எதிரான பாகுபாடு என்றால் அதற்குத் தனிக் குழு உண்டு. பெண்களுக்கு இடையிலான ஒருபால் உறவைக் குற்றமாக்கும் தண்டனைச் சட்டக்கோவையின் 365அ பிரிவு உடன்படிக்கைக்கு முரண் என்று 2022இல் சொன்னது அந்தக் குழுதான். ஆண்களுக்கு மட்டும் பொருந்திய அந்தக் காலனிக்காலப் பிரிவை, 1995இல் ‘திருத்தி’ப் பெண்களுக்கும் விரித்திருந்தார்கள்.

தமிழில் எழுதலாமா?

முடியாது. ஆங்கிலம் போன்ற ஐ.நா. மொழி ஒன்றில் எழுதவேண்டும், தமிழ், சிங்கள ஆவணங்களை மொழிபெயர்த்து இணைக்கவேண்டும். மொழிபெயர்ப்பவர் வழக்கோடு தொடர்பில்லாதவராக, தன் பெயரைப் போட்டுக் கையெழுத்திடக்கூடியவராக இருக்கட்டும். முடித்ததும் முழுவதையும் முறைப்பாட்டாளருக்குத் தமிழில் திரும்ப வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அவர் தலையசைத்த பிறகு கையெழுத்தோ கைநாட்டோ வாங்கலாம்.